பி.டி. டீச்சர் பதில்கள்: ஆறு ஆட்டம், ஒரு அலமாரி

கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமியில் உள்ள ஒரு சிறிய பெண்கள் கல்லூரியில் 1989 முதல் 2023 வரை உடற்கல்வி இயக்குநராக இருந்தவர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். மாணவிகளுக்கு அவர் ‘பி.டி. டீச்சர்’. இங்கேயும் அப்படியே.

கேள்வி: கல்லூரியில் பி.டி. என்றால் விசில் ஊதுபவர், ஸ்போர்ட்ஸ் டேக்குக் கொடி கட்டுபவர் என்றுதான் நினைத்திருக்கிறேன். ஒரு சின்னக் கல்லூரியில் அவருக்கு வருடம் முழுக்க என்ன வேலை இருக்கும்?
வாசகர், சாத்தூர்

விசிலும் உண்டு, கொடியும் உண்டு ஐயா. மீதியைச் சொல்கிறேன்.

1989 ஜூனில் நான் சேர்ந்த அன்று என் கையில் ஒரு சாவி கொடுத்தார்கள். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதற்குள் ஓர் இரும்பு அலமாரி. திறந்தால் காற்றுப் போன இரண்டு வாலிபால், நரம்பு அறுந்த நான்கு பால் பேட்மிண்டன் மட்டை, ஒரு 4 கிலோ குண்டு, ஓடாத ஸ்டாப் வாட்ச், ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர். அவ்வளவுதான் விளையாட்டுத் துறை. ஆள் என்று பார்த்தால் நானும், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணனும்.

மாணவிகள் அப்போது 700 பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பல்கலைக்கழகப் போட்டி அட்டவணை பெரிய கல்லூரிக்கு ஒன்று, சின்னக் கல்லூரிக்கு ஒன்று என்று வருவதில்லை. ஹாக்கி, கபடி, கோ-கோ, வாலிபால், பால் பேட்மிண்டன், தடகளம் ஆகிய ஆறுக்கும் நாங்கள் அணி அனுப்பினோம். ஆறுக்கும் நான்தான் பயிற்சியாளர். பெரிய ஆச்சரியம் என்னவென்றால், ஆறு அணியிலும் ஏறக்குறைய அதே பதினாறு பிள்ளைகள்தான். திங்கள்கிழமை கபடியில் கணுக்கால் பிசகியவள் வியாழக்கிழமை கோ-கோவில் உட்கார்ந்து எழ வேண்டும். யாரை எந்த ஆட்டத்துக்கு நிறுத்தி வைப்பது, யாரை ஒரு வாரம் சும்மா நடக்கவிடுவது என்று கணக்குப் பார்ப்பதே பாதிப் பயிற்சி. ஒரு ஆட்டத்துக்கு ஒரு கோச் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு ஒருவர் தலையில் முழுதாக ஏறாது. எனக்கு அந்த முப்பத்திரண்டு கணுக்காலும் மனப்பாடம்.

ஜூன், ஜூலையில் தேர்வு. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள். அப்புறம் ஐப்பசி மழை. கரிசல் மண் நனைந்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காலை மட்டும்தான் விடும். அதனால் பத்துப் பன்னிரண்டு டிராக்டர் செம்மண் அடித்து, உருளை போட்டு, கபடி, கோ-கோ களத்தை மட்டுமாவது மேடாக்கினோம். பிப்ரவரியில் ஸ்போர்ட்ஸ் டே. மார்ச்சில் ஸ்டாக் சரிபார்ப்பு. உடைந்த மட்டையைக் கூட எழுதிக் காட்டாமல் தூக்கிப் போட முடியாது.

இதற்கு நடுவில் சில வருடங்கள் போட்டியை நாமே நடத்த வேண்டி வரும். ஒரு முறை கோ-கோவுக்கு 11 அணிகள் வந்தன. லீக் என்றால் 55 ஆட்டம் ஆட வேண்டும். நாக்-அவுட் என்றால் 10 ஆட்டத்தில் முடியும், 5 அணிக்கு முதல் சுற்றில் ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை, கொடுத்தால் போதும். அந்தக் கணக்கு பத்து நிமிட வேலை. மற்றதுதான் வேலை. வகுப்பறைகளில் பெஞ்சை ஓரம் கட்டிப் பாய் விரிக்க வேண்டும். கழிவறைக்குத் தண்ணீர் லாரி சொல்ல வேண்டும். நடுவர்களுக்குப் பயணப்படி கவரில் போட்டு வைக்க வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்ட ஓர் அணி ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கேட்டில் நின்றது. பன்னிரண்டு பெண் பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கவில்லை. சமையல்காரரை எழுப்பி ரவை உப்புமா கிண்டச் சொன்னேன். அந்தப் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பதை ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உப்புமா சாப்பிட்ட அந்தப் பிள்ளைகளின் முகம் நினைவில் இருக்கிறது.

கேள்வி: நீங்கள் ஹாக்கி ஆடியவர் என்று கேள்விப்பட்டேன். ஆடாத ஆட்டங்களை எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்? அது மாணவிகளை ஏமாற்றுவது ஆகாதா?
வாசகர், ராஜபாளையம்

ஏமாற்றுவதுதான், தெரிந்த மாதிரி நடந்துகொண்டால். கோவில்பட்டியில் பிறந்தால் ஹாக்கி மட்டை தானாகக் கைக்கு வந்துவிடும். எனக்கும் அப்படித்தான். ஆனால் கோ-கோவில் நான் ஒரு பாடப்புத்தகம், அவ்வளவே. சென்னை நந்தனத்தில் உடற்கல்வி படிக்கும்போது களத்தின் நீளம், அகலம், கம்பத்தின் உயரம் எல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எந்தக் காலை முதலில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், பி.ஏ. தமிழில் ஒரு பெண் சேர்ந்தாள். பள்ளியில் கோ-கோ ஆடி மாநில அளவுக்குப் போய் வந்தவள். நான் அவளிடம் நேராகவே சொன்னேன், “எனக்கு இது தெரியாது, நீ எனக்குச் சொல்லிக்கொடு, மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்.” அடுத்த ஒரு மாதம் துரத்தும் அணியில் ஓர் ஆள் இடத்தில் நானே உட்கார்ந்தேன். முதுகில் தட்டிக் ‘கோ’ சொன்னதும் எழுவதற்குள் ஓடுபவள் அடுத்த கம்பத்துக்குப் போயிருப்பாள். அப்படி உட்கார்ந்து பார்த்ததால்தான், குதிகால் தரையில் படிந்திருந்தால் எழ அரை நொடி தாமதமாகிறது, முன்பாதத்தில் எடையை வைக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. வெளியே நின்று பார்த்திருந்தால் ‘வேகம், வேகம்’ என்று கத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

கோ-கோவைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் பணம். பந்து வேண்டாம், வலை வேண்டாம், மட்டை வேண்டாம். இரண்டு கம்பம் போதும். துரத்த ஒன்பது, ஓட மூன்று என்று ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் களத்தில் இருக்கலாம். பணமில்லாத கல்லூரிக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது.

தெரிந்தும் கற்றுக்கொடுக்காமல் விட்டதும் உண்டு. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஃபாஸ்பரி முதுகைக் கீழே காட்டி உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அதன் பிறகு உலகமே அந்த முறைக்கு மாறிவிட்டது. எங்களிடம் இருந்தது மணல் குழி. முதுகிலும் கழுத்திலும் மணலில் விழச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, இருக்கவும் கூடாது. அதனால் வயிற்றுப் பக்கம் கம்பியைப் பார்க்கத் தாண்டும் பழைய முறையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். போட்டியில் ஃபோம் மெத்தைமேல் மற்ற பிள்ளைகள் முதுகு வளைத்துத் தாண்ட, எங்கள் பெண் மட்டும் பழைய முறையில் தாண்டினாள். மூன்றாவதாக வந்தாள். மெத்தை இருந்திருந்தால் முதலாவதாகக் கூட வந்திருக்கலாம். ஆனால் அவள் கழுத்து நன்றாக இருக்கிறது, அவள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள்.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் டிராக் போட இடமில்லை. 200 மீட்டர் போட்டால், புத்தகத்தில் இருக்கும் ஸ்டேக்கர் அளவு பொருந்துமா?
வாசகி, விளாத்திகுளம்

நல்ல கேள்வி டீச்சர். இதைக் கேட்க நிறையப் பேர் கூச்சப்படுவார்கள்.

முதலில் டிராக். நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 120 மீட்டர் இரண்டு வளைவுக்கும். உள்கோட்டின் ஆரம் 18.90 மீட்டர். 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு பாதை போட்டாலும் மொத்தமே 88 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

இனி ஸ்டேக்கர், அதாவது வெளிப்பாதையில் ஓடுபவள் கூடுதல் தூரம் ஓடாமல் இருக்க அவளுடைய தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளிப் போடும் அளவு. ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்டேக்கர் டிராக்கின் அளவைப் பொறுத்தது இல்லை, பாதையின் அகலத்தை மட்டுமே பொறுத்தது. வெளிப்பாதையில் ஓடுபவள் கூடுதலாக ஓடும் தூரம் 1.22-ஐ ஆரமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் சுற்றளவு. 200 மீட்டர் டிராக் ஆனாலும் 400 ஆனாலும் அது ஒன்றேதான். நான் நம்பாமல் இரண்டு முறை கணக்குப் போட்டு, அப்புறம் கணிதத் துறை மேடத்தை மைதானத்துக்கே கூட்டிவந்து காட்டினேன். அவர் கரும்பலகையில் ஒரு வரியில் நிரூபித்துவிட்டார்.

ஆனால் ஒரு இடத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். புத்தகத்தில் இரண்டாம் பாதைக்கு 7.04 மீட்டர் என்று இருக்கும். அது உள்பக்கம் மேடான விளிம்பு கட்டிய டிராக்குக்கு. அங்கே முதல் பாதையை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்றப் பாதைகளைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. உங்கள் பள்ளியில் விளிம்பு கிடையாது, சுண்ணாம்புக் கோடுதான். அப்படியானால் முதல் பாதைக்கும் 20 சென்டிமீட்டர்தான். அப்போது இரண்டாம் பாதைக்கு 7.67, மூன்றாம் பாதைக்கு 15.33, நான்காம் பாதைக்கு 23 மீட்டர் வைக்க வேண்டும். 7.04 என்று வைத்தால் இரண்டாம் பாதைக் குழந்தை 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுகிறது. மார்பு அளவு வித்தியாசத்தில் பரிசு மாறும் ஓட்டத்தில் அது பெரிய அநியாயம். நானே முதல் இரண்டு வருடம் 7.04 போட்டு நடத்தியவள்.

துணி டேப் வேண்டாம். வெயிலில் இழுபடும். இரும்பு டேப் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பயிற்சியாளரை மைதானத்தில் விடாமல் பேப்பர் வேலையில் கட்டிப்போடுகிறார்கள். நிர்வாகத்துக்குத் தனி ஆள் வைத்தால் என்ன?
வாசகர், கோயம்புத்தூர்

வைத்தால் நல்லதுதான், பெரிய கல்லூரிகளில் வைக்கிறார்கள். ஆனால் பேப்பர் வேலை தாழ்ந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். அப்படி நினைத்துத்தான் ஒரு பிள்ளைக்குப் பெரிய தீங்கு செய்தேன்.

1990-களின் நடுவில் ஒரு கபடிப் போட்டி. ஒவ்வொரு மாணவிக்கும் தகுதிப் படிவம் நிரப்ப வேண்டும். பெயர், படிப்பு, சேர்ந்த வருடம், பிறந்த தேதி. அன்று சாயங்காலம் பயிற்சியை விட்டுவர மனமில்லாமல், மைதானத்திலேயே உட்கார்ந்து பிள்ளைகளிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டு எழுதிவிட்டேன். எங்கள் முன்னணி ரெய்டர் வீட்டில் சொல்லும் பிறந்த வருடத்தைச் சொன்னாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருந்தது வேறு வருடம். நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதி போடுவார், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. போட்டி அன்று எதிரணி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. படிவமும் சான்றிதழும் ஒத்துப்போகவில்லை. அவள் ஆட அனுமதி இல்லை. அவர்கள் செய்தது முழுக்க விதிப்படி. வயதை மறைத்தவள் என்று பத்துக் கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் அவளைப் பார்த்தார்கள். அவள் மறைக்கவில்லை. நான் சரிபார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரம் கழித்து அவள் ஊருக்கே பஸ் ஏறிப் போனேன். அவளுடைய அப்பாவிடம், “தப்பு என்னுடையது, உங்கள் மகள் மேல் ஒரு குறையும் இல்லை” என்று சொன்னேன். அவள் உள்ளே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வந்தாள்.

அன்றிலிருந்து படிவம் நிரப்புவதை வேறு யாரிடமும் விட்டதில்லை. சான்றிதழை மேஜையில் விரித்து, மாணவி வாசிக்க, நான் எழுத, திரும்ப நான் வாசிக்க, அவள் பார்க்க. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். ரெய்டு போகக் கற்றுக்கொடுக்கும் நேரத்தைப் போலவேதான் அந்த ஐந்து நிமிடத்தையும் நினைத்தேன். அது இல்லாவிட்டால் ரெய்டே இல்லை.

கேள்வி: என் மகள் கல்லூரியில் வாலிபால் ஆடுகிறாள். மாதவிடாய் நாட்களில் ஆடினால் பின்னால் கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்று என் மாமியார் சொல்கிறார். நிறுத்திவிடலாமா?
வாசகி, அருப்புக்கோட்டை

நிறுத்த வேண்டாம் அம்மா. அந்த நாட்களில் ஆடுவதால் கர்ப்பப்பைக்கு எந்தக் கெடுதலும் வராது. அவளுக்கு உடம்பு நன்றாக இருந்தால் ஆடட்டும், வலி இருந்தால் உட்காரட்டும். முடிவு அவளுடையது. என் முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணிக்கும் ஸ்ப்ரேக்கும் பக்கத்தில் நாப்கினும் எப்போதும் இருக்கும். யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். மிக அதிகமாகப் போனாலோ, மாதக்கணக்கில் வராமல் நின்றாலோ பெண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று, ரத்தம். ஒரு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து எங்கள் அணிப் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் பார்த்தார்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் அதற்குக் கீழே. ‘சோம்பேறி, மூச்சு வாங்குகிறாள்’ என்று நான் திட்டிய பெண்ணுக்கு 8. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஜூன் மாதத் தேர்வுக்கு முதல் நாளே ரத்தப் பரிசோதனை. இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, டீ, காபியோடு சேர்க்காமல் கொடுங்கள். முருங்கைக்கீரை, முட்டை, கம்பு. எங்கள் ஊர் கடலைமிட்டாயும் நல்லதுதான், வெல்லமும் நிலக்கடலையும்தானே.

கேள்வி: என் பையன் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். கேட்டால் பத்தாம் வகுப்பு என்கிறார்கள்.
வாசகர், தேனி

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போகாமல் நான்கு பெற்றோராகப் போங்கள். கால அட்டவணையில் இருக்கும் பீரியட் அது, யாருடைய தயவிலும் கிடைப்பது இல்லை.

கேள்வி: என் மகளுக்கு உடற்கல்வி படித்து உங்களைப் போல ஆக ஆசை. வழி என்ன? எதிர்காலம் இருக்கிறதா?
வாசகர், நாகர்கோவில்

வழியை முதலில் சொல்கிறேன். ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, அதோடு போட்டிகளில் ஆடிய சான்றிதழ். அப்புறம் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம், இப்போது இரண்டு வருடம். என் காலத்தில் ஒரு வருடம்தான். உங்களுக்குப் பக்கத்தில் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா, கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன், சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. எல்லாம் பழைய இடங்கள். மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

பி.பி.எட். முடித்தால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆகலாம். கல்லூரிக்கு வர எம்.பி.எட். வேண்டும், 55 சதவீத மதிப்பெண், அதன் மேல் நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு, அல்லது பிஎச்.டி. அதோடு பல்கலைக்கழக மானியக் குழு ஓர் உடல்தகுதித் தேர்வும் வைத்திருக்கிறது. 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். உங்கள் மகள் ஆடுகிறவள் என்றால் இது பெரிய விஷயம் இல்லை.

ஒரே ஆட்டத்தில் ஆழமாகப் போய்ப் பயிற்சியாளர் ஆக விரும்பினால் வழி வேறு. பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்கு டிப்ளமா நடத்துகிறது. அதைப் படித்தவர்கள் ஆட்டத்தைப் பார்க்கும் கண்ணே தனி.

எதிர்காலம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அரசு உதவி பெறும் கல்லூரியில் பெரும்பாலும் ஒரே ஒரு பி.டி. பணியிடம். அது காலியாக ஒருவர் ஓய்வு பெற வேண்டும். சுயநிதிப் பிரிவுகளில் வேலை கிடைக்கும், சம்பளம் மிகக் குறைவாக இருக்கும், மைதானத்தோடு சேர்த்துப் பஸ் டியூட்டியும் விடுதி டியூட்டியும் தலையில் விழும். என்னிடம் படித்த நல்ல பிள்ளைகள் சிலர் அந்த நிலையில் பல வருடம் இருந்து வெளியேறிவிட்டார்கள். அவர்கள் தோற்றார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதனால் உங்கள் மகள் வரட்டும், ஆனால் முதல் பட்டத்தை வேறு வேலைக்கும் உதவும் பாடத்தில் எடுத்து நன்றாகப் படித்துவிட்டு வரட்டும்.

கேள்வி: உங்களுக்கு முன்மாதிரி யார்? ஒரே ஒருவரைச் சொல்லுங்கள்.
வாசகர், சென்னை

ஒருவர் என்றால் கஷ்டம். நான் படித்த நந்தனம் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி குரோ பக் அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் அவர்தான். உடற்கல்வி ஆசிரியர் என்ற ஒரு தொழிலே இங்கே வேர் விட்டதில் அவர் பங்கு பெரியது.

ஆனால் மனதுக்கு நெருக்கமானவர் இன்னொருவர். அவரை நான் பார்த்ததில்லை. என் மாணவி ஒருத்தி அமெரிக்காவில் வட கரோலினாவில் வேலை பார்க்கிறாள். “டீச்சர், உங்களை மாதிரியே ஒருவர் இங்கே இருந்திருக்கிறார்” என்று எழுதினாள். அவர் பெயர் கிளாரன்ஸ் கெய்ன்ஸ். வீடு போலப் பெரிய உடம்பு என்பதால் ‘பிக் ஹவுஸ்’ என்று கூப்பிடுவார்கள். வேதியியல் படித்துவிட்டுப் பல் மருத்துவர் ஆக நினைத்தவர். 1945-ல் வின்ஸ்டன்-சேலம் என்ற ஊரில் கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் பயிற்சி பெறும் ஒரு சின்னக் கல்லூரிக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார். அடுத்த வருடமே மேலே இருந்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். 23 வயதில் எல்லாம் இவர் தலையில். அமெரிக்கக் கால்பந்துக்குப் பயிற்சியாளர், கூடைப்பந்துக்குப் பயிற்சியாளர், விளையாட்டுத் துறை இயக்குநர், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுபவர், டிக்கெட் விற்பனைக்கும் அவரே பொறுப்பு. இதைப் படித்தபோது மாடிப்படிக்குக் கீழே இருந்த என் அறை ஞாபகம் வந்தது.

கறுப்பின இளைஞர்களைத் தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் சேர்க்காத காலம் அது. அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 1967-ல், என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் சிறு கல்லூரிகள் பிரிவில் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றார். கறுப்பினக் கல்லூரி ஒன்று அந்த அமைப்பின் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் முறை. அந்த வருடம் 31 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. எர்ல் மன்ரோ என்ற மாணவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 41.5 புள்ளி எடுத்தார். அப்புறம் நிற வேலி தளர்ந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் அதே மாதிரிப் பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துக் கூட்டிப்போயின. கெய்ன்ஸ் அங்கேயே இருந்தார். 47 வருடம். 1993-ல் ஓய்வு பெற்றபோது 828 வெற்றி.

எல்லோரும் 828-ஐச் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பக்கத்தில் இருக்கும் 447. அது தோல்வி. அதில் எத்தனையோ இரவு தோற்ற பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, தலை எண்ணி, ஊர் கொண்டுவந்து சேர்த்திருப்பார் அந்த மனிதர். தோற்றுத் திரும்பும் பஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் பேசமாட்டார்கள், ஜன்னல் கம்பியில் தலை வைத்துத் தூங்குவது போல இருப்பார்கள். பாதி வழியில் டீக்கடையில் நிறுத்தி எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 34 வருடத்தில் எத்தனை கோப்பை?
வாசகர், திருநெல்வேலி

பல்கலைக்கழகக் கோப்பை கோ-கோவில் இரண்டு முறை, பால் பேட்மிண்டனில் ஒரு முறை. ஹாக்கியில் ஒன்றும் இல்லை, அது இன்னும் வலிக்கிறது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்து 55 ஆட்டம் ஜெயித்து 60 ஆட்டம் தோற்றவர் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆறுதலுக்காகச் சொன்னதுதான், உண்மையும் கூட.

கேள்வி: மறக்க முடியாத மாணவி யார் டீச்சர்? நிறைய ஜெயித்தவரா?
வாசகி, எட்டயபுரம்

இல்லை அம்மா. அவள் ஜெயித்தது குறைவு.

ஒரு பெண் முதல் வருடம் ஓட்டத்தில் நன்றாக வந்தாள். பயிற்சி அப்போது சாயங்காலம் நாலரைக்கு. இவள் நாலு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தேன். மூன்றாவது முறை அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. சாயங்காலம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறாள். எண்ணிக்கைக்குக் கூலி. அந்தப் பணத்தில்தான் பஸ்ஸுக்கும் தம்பி படிப்புக்கும். ‘பயிற்சிக்கு வா’ என்று நான் சொன்னது அவளுக்கு எவ்வளவு செலவு என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

பயிற்சியை விடிகாலை ஐந்தரைக்கு மாற்றினேன். விடுதி வார்டன் மறுத்தார், பேசிச் சம்மதிக்க வைத்தேன். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று டெப்போவில் போய்க் கேட்டுவந்தேன். வராந்தாவில் ஊறவைத்த நிலக்கடலையும் அவித்த முட்டையும் வைத்தோம். அந்த முட்டைக்குக் கணக்கு எழுத விளையாட்டு நிதியில் தலைப்பே கிடையாது, அதை உண்டாக்க ஒரு வருடம் கடிதம் எழுதினேன். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் பயிற்சி விடிகாலையில்தான் நடந்தது. கரிசலில் அந்த நேரத்துக் காற்று நன்றாக இருக்கும்.

அவள் 800 மீட்டரில் ஒரு முறை நான்காவதாக வந்தாள். அதுதான் அவளுடைய பெரிய இடம். இப்போது ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. போன மாதம் போன் செய்தாள். மைதானத்தில் புதிதாக டிராக் போடுகிறாளாம், பள்ளியில் துணி டேப்தான் இருக்கிறதாம். 1991-ல் என் சொந்தக் காசில் வாங்கிய 50 மீட்டர் இரும்பு டேப் என்னிடம் இருந்தது. அவள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். கைப்பிடி மட்டும் கொஞ்சம் இறுகலாகச் சுற்றும், தேங்காய் எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன்.